ஒரு மூட்டைக் குப்பை

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை நாலரை மணிக்கு அலாரம் வைத்து எழுந்து, முதுகில் பையை மாட்டிக்கொண்டு மலையேறக் கிளம்பும் இளைஞர்களைப் பார்த்தால் உங்களுக்கு என்ன தோன்றும்? எனக்கு, ‘பாவம், வீட்டில் ஏதோ பிரச்னை போலிருக்கிறது’ என்றுதான் தோன்றும். வாரம் முழுக்க ஆபீஸில் நாய் படாத பாடு பட்டுவிட்டு, லீவு நாளில் கைக்காசு போட்டு வேறு பாடுபடப் போகிறார்களே!

அப்படிப் போகிறவர்களில் என் அக்கா மகனும் ஒருவன். அக்கா குடும்பம் கத்திவாக்கத்தில் இருக்கிறது. இவனுக்கு வேலை பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தில். போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம். வாரம் பூராவும் அப்படி அலைகிறவன் ஞாயிற்றுக்கிழமையும் வீட்டில் தங்குவதில்லை என்று அக்காவுக்கு வருத்தம்.

“மாமா, ஒரே ஒரு தடவை வந்து பாருங்க. ஓடையை ஒட்டியே நடக்கறதுதான். முக்கால்வாசி நிழல். உங்களுக்கு ஒண்ணும் ஆகாது” என்றான்.

என் வயதில் ‘ஒண்ணும் ஆகாது’ என்று யாராவது சொன்னாலே கொஞ்சம் பயமாகத்தான் இருக்கும். ஆனாலும் போனேன். சிவராத்திரி முடிந்து வந்த ஞாயிற்றுக்கிழமை அது.

போன இடம் தடா. ஊர் பெயர் தடா என்றாலும் அருவி இருப்பது அங்கிருந்து மேற்கே, வரதய்யபாளையம் தாண்டி, உப்பலமடுகு என்கிற காட்டில். ஆந்திர எல்லைக்குள் வருகிறது. சென்னையிலிருந்து கிட்டத்தட்ட 90 கிலோமீட்டர். அந்தப் பக்கத்து மலைகளில் ‘கோன’ என்று முடியும் பெயர்கள் நிறைய உண்டு. கைலாசகோன, தலகோன என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். தெலுங்கில் கோன என்றால் மலையிடுக்குப் பள்ளத்தாக்கு. இரண்டு பக்கமும் பாறை எழுந்து நிற்க, நடுவே தண்ணீர் ஓடும் இடம்.

சூலூர்பேட்டை போகும் மின்சார ரயிலில் திருவொற்றியூரில் ஏறிக்கொண்டேன். சென்ட்ரலிலிருந்து ஏறிய பையன்கள், பெண்கள் ஏழெட்டுப் பேர் எனக்காக ஜன்னலோரம் இடம் போட்டு வைத்திருந்தார்கள். கத்திவாக்கத்தில் அக்கா மகன் ஏறினான். எண்ணூர் தாண்டியதும் ரயில் கொசஸ்தலை ஆற்றுப் பாலத்தில் ஏறும். கடலுக்குச் சேரப் போகும் ஆறு அங்கே அகலமாக விரிந்து கிடக்கும். கிழக்கே பார்த்தால் சூரியன் எழும்புகிறது. கூடவே அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகளும் எழும்பி நிற்கின்றன. இடுப்பளவுத் தண்ணீரில் நின்று யாரோ கையாலேயே இறால் தடவிக்கொண்டிருந்தார்கள். பார்க்க வேண்டிய காட்சி என்றுதான் சொல்ல வேண்டும்.

யாரும் பார்க்கவில்லை. ஒரு பெண் துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். இன்னொரு பையன், “இந்த ஏரியா எப்ப முடியும் அங்கிள்?” என்று என்னிடம் கேட்டான். தப்பாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். நான் அந்த ஏரியாக்காரன் என்பது அவனுக்குத் தெரியாது. அக்கா மகன் செருப்பைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

சரி, மலைக்கு வருவோம்.

வனத்துறை கேட்டில் காசு கட்டி, பையைக் காட்டிவிட்டு உள்ளே போனோம். கொஞ்ச தூரம் சாதாரணப் பொட்டல் காடு. வெயில் சுள்ளென்று அடித்தது. ‘நிழல் என்றானே’ என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே நடந்தேன். ஓடை வந்ததும் எல்லாம் மாறிவிட்டது. பாறைக்குப் பாறை தாவித் தாவித்தான் போக வேண்டும். மேலே இரண்டு கரை மரங்களும் கைகோத்துக்கொண்டு நிற்கின்றன. மருதும் நாவலும் எனக்கு அடையாளம் தெரிந்தது, மற்றதெல்லாம் பெயர் தெரியாத மரங்கள். வெயில் சில்லறைக் காசு மாதிரி அங்கங்கே சிதறிக் கிடக்கிறது, அவ்வளவுதான். வழியில் ஒரு சின்னச் சிவன் கோயில். தண்ணீர் குளம் குளமாகத் தேங்கி அடியில் கிடக்கும் கூழாங்கல் தெரிகிறது. தெளிவாகத் தெரிகிறதே என்று நம்பிவிடக் கூடாது. ஆழம் தெரியாமல் குதித்து உயிரை விட்டவர்கள் அங்கே உண்டு. நான் கணுக்கால் வரைக்கும் நனைத்ததோடு சரி.

எனக்கு அங்கே அதிசயமாக இருந்தது தண்ணீரோ மரமோ இல்லை. இந்தப் பிள்ளைகள்தான். ரயிலில் ஒரே கூச்சல் போட்டுக்கொண்டு வந்தவர்கள், நிழலுக்குள் நுழைந்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். யாரும் சொல்லவில்லை. கோயில் கருவறைக்குப் பக்கத்தில் போனால் நமக்கெல்லாம் தானாகக் குரல் இறங்குமே, அந்த மாதிரி. சிவராத்திரிக்கு வந்த பக்தர்களும் அதற்கு முன்பு வந்த பிக்னிக்காரர்களும் போட்டுவிட்டுப் போன பிளாஸ்டிக் பாட்டில், சிப்ஸ் உறை, தெர்மாகோல் தட்டு எல்லாம் பாறை இடுக்கில் செருகிக் கிடந்தன. இவர்கள் பையிலிருந்து ஒரு கோணிச் சாக்கை எடுத்து, ஆளாளுக்குக் குனிந்து பொறுக்க ஆரம்பித்துவிட்டார்கள். முன்பின் தெரியாத எவனோ கடித்துத் துப்பிய ஸ்ட்ராவை, கம்பெனியில் நல்ல சம்பளம் வாங்கும் ஒரு பெண் இரண்டு விரலால் எடுத்துச் சாக்கில் போடுகிறாள். முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை. காலையில் துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்ட அதே பெண்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது என்று எழுதினால் சினிமா மாதிரி இருக்கும். ஆனால் ரொம்பச் சந்தோஷமாக இருந்தது. நானும் ஐந்தாறு பாட்டில் பொறுக்கினேன். முதுகுதான் ஒத்துழைக்கவில்லை.

சாயங்கால ரயிலில் திரும்பினோம். சாக்கு ஏறக்குறைய ஒரு சிறுவன் உயரத்துக்கு இருந்தது. மீஞ்சூர் தாண்டியதும் ஒரு பையன் ரொம்ப மரியாதையாகச் சொன்னான்: “அங்கிள், நாங்க சென்ட்ரல் போயி அங்கேருந்து மெட்ரோ பிடிக்கணும். இதை வெச்சிக்கிட்டு உள்ள விட மாட்டாங்க. நீங்க திருவொற்றியூர்ல இறங்கறப்ப அங்க தொட்டியில போட்டுடறீங்களா?”

அதற்கென்ன என்று வாங்கிக்கொண்டேன். அக்கா மகன் கத்திவாக்கத்தில் இறங்காமல், மூட்டை தூக்க எனக்குத் துணையாகத் திருவொற்றியூர் வரைக்கும் வந்தான்.

ஸ்டேஷனுக்கு வெளியே டீக்கடை ஓரமாகக் குப்பைத் தொட்டி. பக்கத்தில் மாநகராட்சித் துப்புரவுப் பணியாளர் ஒரு அம்மா, கையுறையைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டு டீ குடித்துக்கொண்டிருந்தார். ஐம்பது வயது இருக்கும். மூட்டையைப் பார்த்துவிட்டு, “இன்னாண்ணா இது, வீடு காலி பண்றீங்களா?” என்றார்.

“இல்லைம்மா. மலைக்குப் போனோம். அங்க கெடந்த குப்பையைப் பொறுக்கிட்டு வந்தோம்.”

“எந்த மலை?”

“தடாகிட்ட. ஆந்திரா.”

அந்த அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டீயைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். “ஆந்திராலேர்ந்து குப்பையைத் தூக்கினு வந்தீங்களா? ஏண்ணா, நம்ம ஊர்ல இன்னா குப்பைக்குப் பஞ்சமா?”

நானும் சிரித்தேன். அக்கா மகனும் அசடு வழிந்தான். பிறகு அவர் சாதாரணமாகக் கேட்டார்: “அங்க இப்ப சுத்தமா கீதா?”

“ம், ஓரளவுக்கு.”

“நல்லா இருக்கட்டும். வெச்சிட்டுப் போங்க, காலைல அள்ளிக்கிறேன்.”

அவர் கிண்டலாகச் சொல்லவில்லை, சலித்துக்கொள்ளவும் இல்லை. அதனாலேயே எனக்கு அந்த மூட்டையை அங்கே வைக்கக் கை வரவில்லை. “இல்லம்மா, வீட்ல தரம் பிரிச்சிக் குடுக்கறேன்” என்று ஏதோ சொல்லிவிட்டு மூட்டையோடு வீட்டுக்கு நடந்தேன். அக்கா மகன், “என்ன மாமா?” என்றான். நான் பேசவில்லை.

நீங்களே சொல்லுங்கள். காலையிலிருந்து நாங்கள் பத்துப் பேர் செய்தது சுத்தமா, இடமாற்றமா?

அந்தத் தொட்டியில் போட்டிருந்தால் அது எங்கே போயிருக்கும் என்று எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும். வடசென்னையின் குப்பை கொடுங்கையூருக்குப் போகும். 200 ஏக்கருக்கு மேல் பரந்து, பல பத்தாண்டுகளாக வளர்ந்த குப்பைமேடு அது. சுற்றி வீடுகள், பள்ளிக்கூடங்கள். தீப்பிடித்தால் நாள்கணக்கில் புகையும். அங்கே குப்பையை எரித்து மின்சாரம் எடுக்க ஆலை கட்டலாம் என்று திட்டம் வந்தபோது, 2025-ல் வடசென்னை மக்கள் மனிதச் சங்கிலியாகக் கைகோத்து நின்றார்கள். தரையில் கிடப்பதைக் காற்றில் ஏற்றப் போகிறீர்களா என்பது அவர்கள் கேள்வி. அதுவும் இடமாற்றம்தானே.

ஆக, ஓர் ஓடைக்கரையிலிருந்து எடுத்து இன்னொரு ஜனங்களின் வாசலில் கொண்டுபோய் வைக்கப் பார்த்திருக்கிறோம். எடுத்த இடத்தில் குனிந்தவர்கள் பத்துப் பேர். வைத்த இடத்தில் அள்ளப்போவது ஒரே ஒரு அம்மா.

நமக்கு இது புதுப்பழக்கம் இல்லை. காலையில் வாசல் பெருக்கும் கையைக் கவனித்துப் பாருங்கள். நம் வாசலிலிருந்து தெருவுக்கு, தெருவிலிருந்து முனைக்கு, முனையிலிருந்து கால்வாய்க்கு. ஒவ்வொருவரும் சுத்தமாகத்தான் வைத்துக்கொள்கிறோம். சின்ன வயசில் எங்கள் வீட்டுக் குப்பைக்கூடையைக் கவிழ்த்துவிட்டு வரச் சொல்லி என்னைத்தான் பக்கிங்காம் கால்வாய்க்கு அனுப்புவார்கள். தண்ணீர் அடித்துக்கொண்டு போய்விடும். எங்கே போகும் என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. தண்ணீருக்குத்தான் தெரியும். ஆகவே, இந்தக் கட்டுரையை நான் யோக்கியன் என்ற தோரணையில் எழுதவில்லை.

பெரிய அளவிலும் இதேதான். ராயபுரத்தில் துணி காயப்போட்டவர்களுக்கு நிலக்கரித் தூள் தெரியும். சென்னைத் துறைமுகத்தில் இறங்கிய நிலக்கரியும் இரும்புத் தாதும் காற்றோடு வந்து வெள்ளை வேட்டியைப் பழுப்பாக்கும். துறைமுகத்துக்கு எதிர்ச்சாரியிலேயே உயர் நீதிமன்றம் இருக்கிறது. அந்த நீதிமன்றம்தான் 2011-ல் தீர்ப்புச் சொன்னது. அந்த வருஷம் அக்டோபர் முதல் நிலக்கரி, இரும்புத்தாது இரண்டும் எண்ணூர்த் துறைமுகத்துக்குப் போயின. ராயபுரம் மூச்சுவிட்டது. வேட்டி வெளுத்தது. நியாயமான தீர்ப்புதான், மறுக்கவில்லை. ராயபுரத்தில் சொந்தக்காரர்கள் இருந்ததால் நானும் சந்தோஷப்பட்டேன். ஆனால் கரி மாயமாகவில்லை. இருபது கிலோமீட்டர் வடக்கே நகர்ந்தது. அவ்வளவுதான்.

இன்னும் ஒன்று. இதை நீங்கள் அடையாறிலோ அண்ணா நகரிலோ ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து படிக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அந்த மின்சாரத்தில் ஒரு பங்காவது கரியில் வந்தது. நம் நாட்டுக் கரியில் சாம்பல் ஜாஸ்தி. 100 கிலோ எரித்தால் 30 முதல் 40 கிலோ வரை சாம்பல் மிஞ்சும். காற்று உங்களுக்கு வந்துவிட்டது. சாம்பல் எங்கே? எண்ணூர்ப் பக்கம் அதைத் தண்ணீரில் கரைத்துக் குழாய் வழியாகச் சாம்பல் குளத்துக்கு அனுப்புகிறார்கள். குழாய் உடைந்த இடங்களில் சாம்பல் கொசஸ்தலை ஆற்றில் படிந்திருக்கிறது. இடுப்பளவு ஆழத்தில் இறால் தடவியவர்களின் கால் மிதித்தது மணலா சாம்பலா என்று அன்று காலையில் நான் யோசிக்கவில்லை.

இத்தனைக்கும் எண்ணூர் யார் என்று நினைக்கிறீர்கள்? ஒரு காலத்தின் தடா அதுதான்! 18, 19-ம் நூற்றாண்டுகளில் சென்னையிலிருந்த வெள்ளைக்காரர்கள் புழுக்கம் தாங்காமல் இளைப்பாறப் போனது எண்ணூருக்குத்தான். பங்களா கட்டினார்கள், முகத்துவாரத்தில் படகு விட்டார்கள். ஊரைவிட்டுத் தள்ளி, காற்றோட்டமாக, அழகாக இருக்கிறது என்று போனார்கள். பிறகு 1970-ல் ஓர் அனல்மின் நிலையம், 1990-களில் இன்னொன்று, 2001-ல் துறைமுகம் என்று வரிசையாக வந்தன. அந்த முதல் மின் நிலையத்தை 2017-ல் மூடிவிட்டார்கள். ஆனால் அதற்குள் எண்ணூர் ‘எப்ப முடியும்’ என்று கேட்கப்படும் ஏரியா ஆகிவிட்டிருந்தது. உல்லாசத்துக்கு நாம் இன்னும் எழுபது கிலோமீட்டர் தள்ளிப் போகிறோம். உப்பலமடுகு மலையின் அடிவாரத்தில் இப்போது ஸ்ரீசிட்டி என்று பெரிய தொழில் நகரம் இருக்கிறது. அங்கே வேலை கிடைத்த பிள்ளைகள் நம் பக்கத்திலும் உண்டு, அதைக் குறைசொல்ல மாட்டேன். கணக்கைத்தான் சொல்கிறேன்.

அன்று ராத்திரி மொட்டை மாடியில் மூட்டைக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அக்கா மகன். இதையெல்லாம் அவனிடம் சொன்னேன். அவனுக்குக் கோபம் வந்துவிட்டது.

“நல்லது செஞ்சாக்கூடக் குத்தம் கண்டுபிடிப்பீங்களா மாமா? அப்ப என்ன, மலையிலயே விட்டுட்டு வந்திருக்கணுமா? மான் தின்னு சாகட்டும்னா?”

அவன் கேட்டது சரியான கேள்வி. விட்டுவிட்டு வந்திருக்கக் கூடாது. மானுக்கு சிப்ஸ் உறைக்கும் இலைக்கும் வித்தியாசம் தெரியாது. நீலகிரியில் காலி மதுபாட்டிலை உடைத்துப் போட்டுவிட்டுப் போகிறார்கள், யானையின் காலைக் கிழிக்கிறது என்று நீதிமன்றம் தலையிட்டு, 2022-ல் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கிக்கொள்வது, காலி பாட்டிலைக் கொண்டுவந்தால் திருப்பிக் கொடுப்பது. பத்து ரூபாய்க்காகக் குடிகாரர்கூட பாட்டிலைப் பத்திரமாகக் கொண்டுவந்து கொடுத்தார்! பிறகுதான் அதை மற்ற மாவட்டங்களுக்கும் ஒவ்வொன்றாகக் கொண்டு போனார்கள். முதலில் யோசனை வந்தது மலைக்காகத்தான் பாருங்கள். எங்கள் கால்வாயில் பாட்டில் மிதந்துகொண்டு எத்தனையோ வருஷம் ஆகிறது.

“ஏன்டா அப்படி?” என்று அவனிடமே கேட்டேன்.

“மலை அழகா இருக்குல்ல மாமா” என்றான்.

அங்கேதான் எனக்கு உதைக்கிறது. ஓர் இடத்தைக் கெடுக்காமல் இருக்க அந்த இடம் அழகாக இருந்தே ஆக வேண்டுமா? வீட்டுக்கு இரண்டு குழந்தைகள் வருகின்றன என்று வையுங்கள். ஒன்று கொழுகொழுவென்று இருக்கிறது, ஒன்று மூக்கொழுக நிற்கிறது. எல்லோரும் முதல் குழந்தையைத் தூக்கிக் கொஞ்சுவோம். அது இயல்பு, விட்டுவிடலாம். ஆனால் கொஞ்சி முடித்துவிட்டு, அந்தக் குழந்தையின் மூக்கைத் துடைத்த துணியைக் கொண்டுபோய் இரண்டாவது குழந்தையின் மேல் போட்டால்? ‘அதுதான் ஏற்கெனவே அழுக்காக இருக்கிறதே’ என்று காரணம் வேறு சொன்னால்?

எண்ணூர்ப் பக்கம் எந்த ஆலை வந்தாலும் இந்தக் காரணம்தான் கிடைக்கிறது. ஏற்கெனவே இத்தனை இருக்கிறதே, இன்னொன்று வந்தால் என்ன? அழுக்கை அழுக்குதான் அழைத்து வருகிறது. அங்கே மலை மாதிரி யாரும் இல்லாமலும் இல்லை. ஜனங்கள் இருக்கிறார்கள். என் அக்கா இருக்கிறாள்.

அவன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, “2017-ல எண்ணெய் கொட்டினப்ப நாங்க வந்தோமே மாமா” என்றான்.

வந்தார்கள். அதையும் சொல்லியே ஆக வேண்டும். அந்த ஜனவரியில் எண்ணூருக்கு அப்பால் கடலில் இரண்டு கப்பல்கள் மோதி, கொட்டிய எண்ணெய் எர்ணாவூர்க் கரையில் கருங்களி மாதிரி வந்து ஒதுங்கியபோது, மீனவர்களோடு சேர்ந்து எங்கெங்கிருந்தோ வந்த இளைஞர்கள் வாளி வாளியாக அள்ளினார்கள். அவனும் அள்ளினான். உடம்பெல்லாம் கறுப்பாக வீட்டுக்கு வந்தவனை அக்கா மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தாள். அள்ளிய கசடைக் குழியில் கொட்டி, எண்ணெயைத் தின்னும் நுண்ணுயிர்களை அதில் விட்டார்கள். அது வெறும் இடமாற்றம் இல்லை. ஒன்றை இல்லாமல் ஆக்கும் முயற்சி. முடியும் என்று தெரிகிறது. கப்பல் மோதினால்தான் செய்வோம் போலிருக்கிறது.

2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு மறுபடி எண்ணெய் வந்தது. ஆற்று முகத்துவாரம் முழுக்கப் படர்ந்தது. மீனவர்கள் மறுபடி வாளியை எடுத்தார்கள். அந்த மாசமே, 26-ம் தேதி நள்ளிரவில், கடலுக்கடியில் போகும் குழாயிலிருந்து பெரியகுப்பம் பக்கத்தில் அமோனியா கசிந்தது. அந்த இரவை நான் மறக்க மாட்டேன். அக்கா வீட்டில் எல்லோரும் ஈரத்துணியை மூக்கில் கட்டிக்கொண்டு கிடைத்த ஆட்டோவில் ஏறி என் வீட்டுக்கு வந்தார்கள். அக்காவுக்கு ஏற்கெனவே இழுப்பு உண்டு. விடிய விடியச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். இவன் அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தான்.

இப்போது மாடியில் அவன் சொல்ல வந்தது அதுதான் என்று அப்புறம்தான் புரிந்தது. “நாவலூர் பக்கம் ரெண்டு பெட்ரூம் வீடு ஒண்ணு பார்த்திருக்கேன் மாமா. அம்மாவைக் கூட்டிட்டுப் போயிடலாம்னு. நீங்க சொன்னா அம்மா கேட்பாங்க.”

“இந்த வீட்டை?”

“வாடகைக்கு விட்டுடலாம். கம்மியாத்தான் வரும். ஆனா வர்றதுக்கு ஆள் இருக்கு.”

ஆள் இருக்கிறது. யாராக இருக்கும்? நாவலூருக்குப் போக முடியாதவராக இருக்கும். அவருக்கும் ஒரு அம்மா இருக்கலாம், அந்த அம்மாவுக்கும் இழுப்பு வரலாம். இதை நான் அவனிடம் சொல்லவில்லை. சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? பெற்ற தாய் மூச்சுக்குத் திணறும்போது, நீ இங்கேயே இருந்து போராடு என்று மகனிடம் சொல்கிறவன் மனுஷனா? அவன் கிளம்புவது தப்பில்லை. ரயிலில் மூக்கைப் பொத்திய பெண்ணும் தப்பானவள் இல்லை. ஓடையில் அவள் குனிந்ததைப் பார்த்தவன் நான். தனித்தனியாக விசாரித்தால் ஒருவர் பேரிலும் குற்றம் நிற்காது. எல்லோருடைய நியாயத்தையும் கூட்டிப் பார்த்தால் மட்டும், காலையில் அந்த அம்மா அள்ள வேண்டிய மூட்டையாக வந்து நிற்கிறது.

என்னால் அவனிடம் கேட்க முடிந்தது ஒன்றுதான். “அடுத்த வாரம் எந்த மலை?”

“நாகலாபுரம் மாமா.”

“அதுக்கு முன்னாடி ஒரு நாள், உன் பிரண்ட்ஸை எண்ணூர்ல இறக்கி விடேன். மலையேற வேணாம், குப்பை பொறுக்கவும் வேணாம். முகத்துவாரத்துல படகு வெச்சிருக்கறவங்க இருக்காங்க. அரை நாள் சுத்திப் பார்த்துட்டு வரட்டும். அந்தப் பக்கம் ஆத்தோரமா அலையாத்திச் செடி இன்னும் இருக்கு. நிழல்கூட உண்டு.”

“அங்கயா?” என்றான். பிறகு, “கேட்டுப் பார்க்கறேன்” என்றான். அவன் கத்திவாக்கத்துக்காரன். அவனே அந்தப் படகில் ஏறியதில்லை. நானும் ஏறியதில்லை. அறுபது வருஷமாக இந்தப் பக்கம்தான் இருக்கிறேன்.

அக்காவிடம் நாவலூர் பற்றிப் பேசினேன். “அங்க மீன்காரி வருவாளாடா?” என்று கேட்டாள். வருவாளா என்று விசாரித்துச் சொல்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன்.

மூட்டை விஷயத்தைச் சொல்லாமல் விட்டுவிட்டேனே. மறுநாள் மாடியில் கொட்டித் தரம் பிரித்தேன். வீட்டில் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். பாட்டில்களைக் கழுவிக் காயவைத்து, எங்கள் தெரு முனையில் இருக்கும் பழைய பேப்பர் கடைக்குக் கொண்டுபோனேன். எடை போட்டு முப்பத்திரண்டு ரூபாய் கொடுத்தார். கண்ணாடிப் பாட்டில்களையும் எடுத்துக்கொண்டார். சிப்ஸ் உறைகளைக் காட்டியதும், “இது வேலைக்கு ஆகாதுண்ணே. உள்ள வெள்ளிக் காகிதம் மாதிரி பளபளன்னு இருக்கு பாருங்க, பிளாஸ்டிக்கோட ஒட்டிக் கெடக்கும், பிரியாது. யாரும் எடுக்க மாட்டாங்க” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

எண்ணிப் பார்த்தேன். நூற்றுப் பதினேழு உறைகள். ஒரு பழைய தலையணை உறைக்குள் திணித்து, மாடிப்படிக்குக் கீழே வைத்திருக்கிறேன்.